பதினேழாம் இலக்கத்து ராசாத்தி

சிவமயம்

இணுவில் கிழக்கு,
12-04-1994

அன்பு மகள் தயாளினிக்கு,

இங்கே நானும் அப்பாவும் பெரிய குறை சொல்ல இல்லாமல் இருக்கிறோம், அங்கே சுவீடனில் நீயும் உன்னுடைய எலிகளும் நோய் நொடியில்லாமல் இருக்கக் கந்தசுவாமியார் துணை நிற்கட்டும். எலிகளின் சுகத்தையும் சேர்த்து விசாரித்திருக்கிறேன், கவனித்துக்கொள். அதுகளை விட்டுவிட்டு உன்னை மட்டும் கேட்டால் உனக்கு மனம் நோகும். நீ மாசியில் போட்ட கடிதம் பங்குனி நடுவில்தான் கைக்கு வந்தது. கப்பலில் வந்து, எங்கெங்கோ கிடந்து, உறையின் ஒரு பக்கம் கிழிந்து திரும்ப ஒட்டியிருந்தது, ஆனால் உள்ளே இருந்த படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. படத்தில் ஆய்வுகூடத்துக்குள் வெள்ளை மேலங்கியோடு நிற்கிறாய், மெலிந்து போனாய், கையில் ஒரு வெள்ளெலியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறாய். அப்பா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டேன். எலியில் அக்கறை உள்ள ஆள் அவர்தானே, அவரே வைத்துப் பார்க்கட்டும். எனக்குப் பொறாமைதான் மகள், அதை மறைத்து என்ன செய்ய.

எழுத்து கோணலாகவும் பெரிதாகவும் இருக்கிறதென்று யோசிக்காதே. அப்பா எழுதித் தருகிறேன் என்றார், அவர் எழுதினால் என்னுடைய கோபத்தில் பாதியை விழுங்கிவிடுவார் என்று நானே எழுதுகிறேன். இடது கண்ணில் பூ விழுந்து ஒரு வருடம் ஆகிறது, இப்போது வலது கண்ணிலும் புகைமூட்டமாக இருக்கிறது. சீனி வருத்தம் செய்த வேலை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கொழும்புக்குப் போனால் மங்கிய வில்லையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள்ளேயே புது வில்லை வைத்துவிடுகிறார்களாம், இங்கே இப்போது அதற்கு வசதியில்லை, கனக்க நாள் இழுத்தடிக்காதீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்துகொண்டுதானே தை மாதம் கொழும்புக்கு வருகிறேன் என்றாய், நானும் கிளாலியால் படகேறி வந்து உன்னோடு நின்று கண்ணைக் காட்டுவதென்று இருந்தது. ஊரை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து, கறித்தூள் வறுத்து இடித்து, பனம்பழப் பனாட்டும் ஒடியல் மாவும் சுற்றிப் பையில் கட்டி வைத்த பிறகு உன் கடிதம் வருகிறது, எலிகளுக்கு இது முக்கியமான மாதம், என் கையைத் தவிர வேறு கைக்குப் பதினேழாம் இலக்க எலி பழகாது, இப்போது வர முடியாது அம்மா என்று. கறித்தூளைத் திரும்பப் போத்தலில் கொட்டியபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி நிலத்தில் கொட்டுண்டது. அப்பா, நீ மட்டுமாவது போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வா என்று அன்று தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை. அவள் வந்தால்தான் நான் போவேன், இல்லாவிட்டால் கண் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். எலிக்கு விட்டுக்கொடுக்கிற அளவுக்கு நான் இன்னும் வரவில்லை.

இதற்குள் முன்வீட்டுப் பூரணம் மாமி வேறு. அவவின் மகள் லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்தாள், மாமி அதே தை மாதம் அதே கிளாலிக் கடலைக் கடந்து போய் மூன்று கிழமை நின்றுவிட்டு வாசனைச் சவர்க்காரமும் கட்டுக் கட்டாகப் படங்களுமாகத் திரும்பி வந்தா. சவர்க்காரத்தில் ஒன்று எனக்கும் தந்தா, நான் இன்னும் பிரிக்கவில்லை. "என்ரை பிள்ளை என்னைக் கண்டவுடனை ஓடிவந்து கட்டிப்பிடிச்சு அழுதிட்டாள், குணம்! உன்ரை மகளுக்கு எலியோடை சோலியாம், என்ன செய்யிறது, அதுவும் ஒரு உத்தியோகம்தானே" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னா. நானும் சும்மா விடவில்லை, என்னுடைய மகள் சீனி வருத்தத்துக்கு மருந்து காண்கிறாள், ஊசியே தேவைப்படாத காலம் வரப்போகிறது, அதற்குப் பிறகு உலகம் முழுக்க அவளைத்தான் தேடும் என்று அடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இருந்து யோசித்தால், ஊரில் உன்னைப் பற்றி இவ்வளவு பெருமை பேசுகிற எனக்கு அந்தப் பெருமை ஒன்றுதான் மிச்சம் என்று பட்டது. அன்று இரவு இரண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டுவிட்டேன், அதற்கு நீதான் பொறுப்பு.

ஊசி மருந்து பற்றிக் கேட்டிருந்தாய். கப்பல் வந்தால் ஆஸ்பத்திரியில் தருகிறார்கள், வராவிட்டால் அடுத்த கிழமை வாருங்கள் என்கிறார்கள். மின்சாரம் வருடக்கணக்காக இல்லை, குளிர்சாதனப் பெட்டிக்குள் அப்பா உடுப்பு அடுக்கியிருக்கிறார். மருந்துப் போத்தலை மண்முட்டிக்குள் ஈரமணல் போட்டுப் புதைத்துத் தண்ணீர் தெளித்துச் சாமியறை மூலையில் வைத்திருக்கிறோம், அது பழுதாகாமல் இருக்கிறது, யோசிக்காதே. ஆனால் அந்த இன்சுலின் மாட்டிலும் பன்றியிலும் எடுக்கிறது என்று போன வருடம் எழுதினாயே, அதை எழுதாமலே விட்டிருக்கலாம். கந்தசஷ்டிக்கு விரதம் பிடிக்கிற எனக்கு இத்தனை வருடமாக மாட்டை ஏற்றியிருக்கிறார்கள். பூரணம் மாமிக்கு இது தெரிந்தால் எங்கள் வீட்டில் தேத்தண்ணீரும் குடிக்கமாட்டா. இப்போது கிருமிகளை வளர்த்து மனித இன்சுலினையே செய்விக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். கிருமி சைவமோ அசைவமோ என்று ஐயரைக் கேட்கவும் வழியில்லை, கேட்டால் முழுக்கதையும் வெளியே வரும். எதுவானாலும் மாட்டுக்குக் கிருமி மேல் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன், அங்கே கிடைத்தால் யாரிடமாவது இரண்டு போத்தல் கொடுத்து அனுப்பு.

இனி உன் மாசிக் கடிதத்துக்கு வருகிறேன். அப்பாதான் வாசித்தார், உன்னுடைய பொடி எழுத்து எனக்கு இப்போது எறும்பு ஊர்கிறதுபோலத்தான் தெரிகிறது. நல்ல எலியின் சதையியிலிருந்து இன்சுலின் சுரக்கிற கலங்களைப் பிரித்து, கடற்பாசியில் எடுத்த ஒரு பசையால் மெல்லிய உறை செய்து அதற்குள் போட்டு, சீனி வருத்தமுள்ள எலிக்குள் வைத்ததாகவும், மற்ற எலிகளில் சரிவராமல் போக, பதினேழாம் இலக்கம் மட்டும் மாதக்கணக்காக ஊசியில்லாமல் இருப்பதாகவும் அப்பா வாசித்தார். கடற்பாசி எங்களுடைய அரியாலைக் கடலில் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கிறது, அதற்கு இப்படி ஒரு பிரயோசனம் இருக்கிறதென்று கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த வரியில், அதற்கு ராசாத்தி என்று பெயர் வைத்திருக்கிறேன் அம்மா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்று எழுதியிருந்தாய். காணும் காணும், நிறுத்துங்கள் என்று எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன். நீ பிறந்து கண் திறக்க முதல் உனக்கு நான் சொன்ன சொல் அது. வேறு யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதைக் கொண்டுபோய் ஒரு எலிக்கு வைத்தாயே, உனக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா? மிச்சக் கடிதத்தை வாசிக்க நான் விடவில்லை. ஒரு கிழமை அது அலுமாரிக்கு மேலே கிடந்தது.

அந்தக் கிழமைதான் அப்பாவின் விதைக் கிழங்குக்குள் எலி புகுந்தது. வெளியிலிருந்து விதை உருளைக்கிழங்கு வருவதில்லை என்று இம்முறை தானே விளைந்த கிழங்கில் விதைக்கென்று மறித்து வைத்து, கொட்டிலில் மணலில் பரப்பி, பிள்ளை பார்க்கிறதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்கிற மனிசன் அவர். அதில் எங்கோ ஒரு நாட்டில் கிழங்குச் செடியின் நுனியைக் கிள்ளிப் போத்தலுக்குள் வளர்த்து நோயில்லாத விதை எடுக்கிறார்களாம் என்று கேட்டதிலிருந்து அதே கதைதான். உன்னிடம் விபரம் கேட்டு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். எல்லாரும் போத்தலுக்குள்ளும் கூட்டுக்குள்ளும் வைத்துப் பிள்ளை வளர்க்கிற காலம் வந்துவிட்டது, வயிற்றில் வைத்து வளர்த்தவளுக்குத்தான் மரியாதையில்லை. அது கிடக்கட்டும், எலிப்பொறியில் ஒன்று விழுந்தது. வாளித் தண்ணீரில் அமுக்கப் போகிறேன் என்று வந்தவரைப் பொறுங்கள் என்று மறித்து, பொறியைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து, என்னுடைய வலது கண்ணைக் கம்பியோடு வைத்துப் பார்த்தேன். உன்னை என்னிடமிருந்து பிடித்து வைத்திருப்பது எப்படிப்பட்ட சாமான் என்று ஒருக்கால் பார்க்கத்தான் பார்த்தேன். மீசை துடிக்க ஒரு மூலையில் ஒடுங்கி நின்றது, வயிறு அடித்துக்கொண்டே இருந்தது. நீ அதன் வாலில் இரத்தம் எடுத்து நாளுக்கு நாள் சீனி பார்க்கிறாய் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் சீனி பார்க்க என்னுடைய சிறுநீரைக் குழாயில் விட்டு நீலக் கரைசலோடு விளக்கில் காய்ச்சி, நீலமாக நின்றால் துள்ளுவாய், செங்கல் நிறமாக வந்தால் என்ன களவாகச் சாப்பிட்டீர்கள் என்று சண்டைக்கு வருவாய். இப்போது என்னோடு சண்டை பிடிக்க ஆளில்லை. பொறியைத் திறந்துவிட்டேன். அது நேரே பூரணம் மாமியின் வளவுக்குள் ஓடியது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கை மகள் எலி வளர்க்கிறாள், இஞ்சை தாய் எலியை அவிட்டு விடுறாள், நான் ஒருத்தன்தான் கிழங்கு நடுறன்" என்று கத்திவிட்டு, போய் அலுமாரியிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து, நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும் வாசிக்கிறேன் என்று மிச்சத்தையும் வாசித்தார். மருந்தில்லாத எலிகளுக்குச் சீனி ஏறிக் கண் பால்போல வெளுத்துவிடும் என்றும், ராசாத்தியின் கண்ணில் மட்டும் இன்னும் ஒரு புகையும் விழவில்லை, விடிய முதல் வேலையாக அதன் கண்ணைத்தான் பார்க்கிறேன், சிவப்பு மணிபோலப் பளிச்சென்று இருக்கிறது என்றும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாய். என்னுடைய கண் எப்படி என்று ஒரு வரி கேட்கவில்லை, எலியின் கண்ணுக்கு ஒரு பக்கமா என்று நான் தொடங்க, அப்பா கடிதத்தை மடியில் வைத்துவிட்டு, "உவள் ஆரின்ரை கண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாள் எண்டு உனக்கு இன்னும் விளங்கேல்லையே?" என்றார். அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் வாசியுங்கள் என்றேன். மகள், பொறாமை உடனே போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அந்த எலியின் கண்ணுக்கு நான் இப்போதும் பொறாமைப்படுகிறேன், அது ஒவ்வொரு நாளும் விடியத் திறந்தவுடன் உன்னுடைய முகத்தைப் பார்த்திருக்கிறது.

கடைசிப் பக்கத்தையும் வாசித்தார். சோதனை முடிகிறபோது அதைக் கொன்று வெட்டித்தான் பார்க்க வேண்டும், உள்ளே வைத்த கலங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று வேறு வழியில் தெரியாது, சித்திரையில் செய்ய வேண்டும், எனக்குக் கை வருமோ தெரியவில்லை, இரவில் நினைத்து அழுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு என்னால் கோபத்தோடு இருக்க முடியவில்லை. இந்தக் கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். வேறு யாரிடமும் கொடுக்காதே, உன்னுடைய கைக்குத்தான் அது பழகினது என்றாய், பயப்படாமல் நிற்கும். முதலில் அதற்கு விருப்பமானதைச் சாப்பிடக் கொடு. வெள்ளிக்கிழமையில் செய்யாதே. செய்த பிறகு தலையில் தண்ணீர் வார்த்து, வீட்டில் ஒரு விளக்கு ஏற்றி வை, நான் இங்கே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன். அவருடைய படத்துக்குப் பின்னாலிருந்து உன் படத்தை எடுத்து முன்னால் வைத்திருக்கிறேன், எலியும் அதில் இருக்கட்டும், பரவாயில்லை.

அப்பாவைப் புது பாஸுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். வைகாசி விசாகம் முடிந்த கையோடு கிளாலியால் போகிறேன், நீ வந்தாலும் போகிறேன், வராவிட்டாலும் போகிறேன். நீ இவ்வளவு பாடுபட்டு எலியின் கண்ணைக் காப்பாற்ற, நான் வீம்புக்கு என் கண்ணைக் கெடுத்தால் நல்லாயிராது. கொழும்பில் அப்பாவின் தம்பி வீட்டில் நிற்பேன், விலாசம் உனக்குத் தெரியும். இம்முறை கறித்தூள் இன்னும் வறுக்கவில்லை, நீ வருகிறாயென்று தந்தி வந்தால்தான் வறுப்பேன். நல்ல நாள் பெருநாளுக்குக் கோயிலுக்குப் போக அங்கே வழியில்லாவிட்டால் கிழக்கே பார்த்து நின்று கும்பிடு. குளிரில் வெறுங்காலோடு நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. நூறு வயதுக்கு நல்லாயிருக்க வேண்டும், உன்னுடைய ஆராய்ச்சி வெல்ல வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார், போத்தல் கிழங்கு விபரத்தை மறந்துவிடாதே என்றும் சொன்னார்.

பதினேழாம் இலக்கம் போன பிறகு அந்தப் பெயர் சும்மா கிடக்கும், அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ராசாத்தி, எலிக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்க வெட்டத்தான் வேண்டுமென்றாய். என்னை அப்படிப் பார்க்கத் தேவையில்லை, வந்து எனக்கு முன்னால் நின்றால் போதும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
ந. குணலட்சுமி