அழித்துவிட்டு நிறுவு

அன்புள்ள நபீஸாவுக்கு,

கடைக் கணினியில் இருந்த, மறைந்த நம் மகள் ஷஹானாவின் படங்களை அழித்துவிட்டேன். நான் நலம், உன் மூச்சிரைப்பு குறைந்ததா?

கணினி தவழ்ந்துகொண்டிருந்ததால், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸை நானே ஏற்றினேன். "எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவவா?" என்று கேட்டது. பழைய விண்டோஸைத்தான் சொல்கிறது என்று நினைத்து, சரி என்று அழுத்தினேன். இப்போது கணினி பறக்கிறது.

இங்கே ஹூப்ளியில் கணினி பழுதுபார்க்கும் பசவண்ணா வந்து பார்த்தார்.

"டயர் மாத்தச் சொன்னா வண்டியையே வித்துட்டீங்களே, மூஸா பாய். இனிமே அதைத் தொடாதீங்க. மேல எதை ஏத்தினாலும் மிச்சமும் போயிரும்."

உன் பழைய போனைச் சார்ஜ் போட்டு, அவள் படம் ஒன்றாவது இருக்கிறதா என்று பார். இருந்தால் உடனே அனுப்பு. வாடிக்கையாளர் காத்திருக்கிறார், முடிக்கிறேன்.

அழிந்த படங்களை மீட்டுப் பார்க்கிறேன் என்ற பசவண்ணாவிடம் நான் பேரம் பேசவில்லை. படம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கூலி பத்தாயிரம் ரூபாய்.

மூஸா