வெட்டுக்கிளி சூப்பும் ஒரு சிவப்புப் புள்ளியும்

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே உன் அண்ணன், உன் அம்மா, நான் மூன்று பேரும் சௌக்கியம். வெட்டுக்கிளிகளின் சௌக்கியத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை. அவற்றைத்தான் வேகவைத்து, உலர்த்தி, மாவாக அரைத்துக்கொண்டிருக்கிறோமே. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்தப் பெரிய கம்பெனி லேபில் உன்னை மதிக்கிறார்களா? அறையில் ஜன்னல் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. அதையும் எழுது.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். நான் போனை எடுத்தால் போதும், உன் அண்ணனுக்கு அந்த அறையில்தான் ஏதாவது தேட வேண்டியிருக்கும். போன தடவை நாம் பேசி முடிக்கும்வரை ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பிறகு ஒன்றும் தெரியாத மாதிரி, "யாரு போன்ல?" என்று வேறு கேட்டார். அதனால்தான் கடிதம்.

முதலில் கெட்ட சேதி. பள்ளிப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் செய்கிற சமையல்கூடம் நம் மாவைத் திருப்பி அனுப்பிவிட்டது. புரதம் இருக்கிறதாம், ஆனால் அது உடம்பில் சேர்வது குறைவாம். பி வைட்டமினும், தண்ணீரில் கரைகிற மற்ற சத்துகளும் நீ இருந்தபோது இருந்ததில் பாதிகூடத் தேறவில்லையாம். அடுத்து அனுப்புகிற மாதிரியும் இப்படியே இருந்தால் இனிமேல் நம்மிடம் வாங்கமாட்டார்கள்.

உன் அண்ணனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருப்பாரா? முதலில் தீவனக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றார். பிறகு வெளிச்சம் போதவில்லை என்று கூண்டுகளையெல்லாம் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் இந்தத் தலைமுறை வெட்டுக்கிளிகளே சோம்பேறிகள் என்று முடிவு கட்டினார். நீ சொல்லிவிட்டுப் போன விஷயம் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிருமி சாவதற்குக் கொஞ்ச நேரம் கொதித்தால் போதும், அதற்கு மேல் போனால் சத்து தண்ணீரில் இறங்கிவிடும் என்றாய். காலையும் இறக்கையையும் எடுத்துவிட வேண்டும், வயிறு அதைச் செரிக்காது என்றாய். உலர்த்தும்போது மிதமான சூடு போதும் என்று, மின்சார அடுப்பின் திருகில் உன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாய். உன் அண்ணன் அதைத் தாண்டித் திருகினார். கருக வறுத்தால்தான் வாசனை, வாசனை இல்லாத மாவை யார் சீந்துவார்கள் என்றார். "லேப்ல படிச்சதை லேபோட வச்சுக்க, இது என் அடுப்பு" என்று அவர் கத்த, "அப்ப அந்த அடுப்பையே தங்கச்சின்னு கூப்பிட்டுக்க" என்று நீ பெட்டியைத் தூக்க, நான் கரண்டியும் கையுமாக நடுவில் நின்றேன். நீ போன அன்றே அந்தப் புள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டார். உனக்கு வலிக்கும் என்றுதான் இதுவரை சொல்லவில்லை.

இனிமேல்தான் கூத்து. மாவில் இல்லாத சத்து எங்கே போயிற்று? எல்லாம் உன் அம்மாவின் கைங்கரியம். பூச்சி வெந்த தண்ணீரைக் கொட்டப் போன என்னைத் தடுத்து, "இவ்வளவு வாசனையா இருக்கு, இதைப் போய் யாராவது சாக்கடையில ஊத்துவாங்களா?" என்று மிளகும் உப்பும் தட்டிப்போட்டு சூப்பாக்கிவிட்டார்கள். அரவை மெஷின்காரர் இரண்டு டம்ளர் குடிக்காமல் மெஷினைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சொந்தத் தூக்குவாளியோடு வருகிறார். இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லையாம். எனக்குச் சந்தேகம் தட்டியது. உன் அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு பாட்டில் சூப்பைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் இந்தப் பக்கம்தான் வருகிறார், கடிதத்தை ஒளித்து வைக்கிறேன்.

பாதியில் விட்ட கடிதத்தை இத்தனை நாள் கழித்து எடுக்கிறேன். அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன், தாளை நன்றாக உதறிவிட்டுப் படி.

பரிசோதனை செய்கிறவர் போன் செய்தார். என் நேரம், எடுத்தது உன் அண்ணன். "சார், உங்க மாவை விட உங்க சூப்புல சத்து நல்லா இருக்கே, பேசாம அதையே விக்கலாமே" என்றாராம். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் இந்தப் பூச்சியை எந்த ரூபத்திலும் கொடுக்க வேண்டாம், எவ்வளவு கொதித்தாலும் அந்த ஒவ்வாமை போகாது என்றும் எச்சரித்தாராம். உன் அண்ணன் போனை வைத்துவிட்டுப் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உன் அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலவரம் புரியாமல் ஒரு டம்ளரை நீட்டினார்கள். வாங்கிக் குடித்தார். "நல்லாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனவர் பொழுது சாய்ந்துதான் திரும்பினார்.

மறுநாள் கொதி வந்த கொஞ்ச நேரத்திலேயே பூச்சிகளைச் சல்லடையால் அள்ளிவிட்டார். நான் அவரையே பார்த்தேன். "கேஸ் தீர்ந்துடும்னுதான்" என்றார். நான் ஒன்றுமே கேட்கவில்லை! கால், இறக்கை பிய்க்கிற வேலை உன் அம்மாவுக்குப் போயிற்று. சீரியல் பார்த்துக்கொண்டே பிய்க்கிறார்கள். வில்லி வந்தால் கை வேகம் கூடுகிறது. தையல்காரம்மாவுக்குத்தான் மனக்குறை. சூப்பில் முன்பு போல ருசி இல்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது உன் அண்ணனின் கட்டை விரல் சிவப்பாக இருந்தது. அடிபட்டுவிட்டதோ என்று பதறிக் கையைப் பிடித்தேன். பெயிண்ட் என்று இழுத்துக்கொண்டார். நம் வீட்டில் ஏது சிவப்புப் பெயிண்ட்? அடுப்பு இருக்கிற கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். திருகில், நீ வைத்த அதே இடத்தில், சிவப்புப் புள்ளி. புள்ளியா அது? சட்டைப் பொத்தான் அகலத்துக்கு அப்பி, கீழேயும் வழியவிட்டிருந்தார். உன் மேஜை டிராயரிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து, அடியில் காய்ந்து கிடந்ததைக் குச்சியால் சுரண்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

புது மாதிரி தேறிவிட்டது. சமையல்கூடத்தார் மறுபடி வாங்குகிறார்கள். "எங்க வீட்டு முறை" என்று உன் அண்ணன் எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறார். வீட்டில் யார் சொன்ன முறை என்று கேட்டால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும். உன்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருக்காதே, அது அவருக்கு வராது. நீ மட்டும் என்ன ஒழுங்கு? போன கடிதத்தில் மெஷின்காரரின் பல்வலி வரை விசாரித்தாய். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி உண்டா? இரண்டு பேருக்கும் ஒரே ராங்கி.

நேற்றுக் காலை நான் கொட்டகைக்குள் நுழைந்தது அவருக்குத் தெரியாது. அடுப்பின் கண்ணாடிக் கதவு முன்னால் குனிந்து நின்று, "என்னம்மா, சூடு சரிதானே? நீ சொன்ன மாதிரிதானே வச்சிருக்கேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

கோபத்தில் நீ சொன்னதை அவர் அப்படியே செய்கிறாரடி. அடுப்பைத்தான் தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அது பதில் பேசுவதில்லை.

அங்கே உன் வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். நீ படித்த படிப்புக்கு அது கிடைக்க வேண்டிய வேலைதான். லீவு கிடைக்கும்போது பார்த்துக்கொள். உன் மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன். வரும்போது சிவப்பு நகப்பூச்சு ஒரு பாட்டில் வாங்கி வா. வீட்டில் இருந்தது தீர்ந்துவிட்டது.

நீ எங்கே இருந்தாலும் வயிறும் மனசும் நிறைந்து இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அண்ணி.