பீரோவுக்குள் ஒரு பிரஷ்

3 ஜூலை 2006, திங்கள்

பாடம் நடத்திவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் வாசலில் தேவிப்ரியா. பக்கத்துக் கூரம் கிராமத்துப் பெண், ஏதோ ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்காகச் சின்னக் காஞ்சிபுரம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். முப்பது தாண்டின பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பரிசோதனையாம். ஆஸ்பத்திரி என்றதுமே கதவைப் பாதி சாத்திவிட்டேன்.

"நீங்க எங்கியும் வரவேணாம் மாமி. இந்த பிரஷ்ஷை உள்ளார வச்சி சுத்தி எடுத்து, இந்தக் குப்பியில போட்டுக் குடுத்தா போதும். யாரும் பாக்க மாட்டாங்க."

யாரும் பார்க்க மாட்டார்கள். அதற்காகத்தான் வாங்கிக்கொண்டேன். அம்மா இந்த நோயில்தான் நாற்பத்தைந்து வயதில் போனாள். "வயித்து வலி" என்று சொல்லிச் சொல்லியே, ஒரு டாக்டரிடமும் காட்டாமல். பெரியம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். எனக்கு இப்போது நாற்பத்து மூன்று. நான் மட்டும் காட்டிவிடுவேனா என்ன?

5 ஜூலை, புதன்

இதை எங்கே வைப்பது? பெருமாள் அறையில் கூடாது. அடுப்பிருக்கும் தளிகை அறையில் நினைக்கவே கூடாது. பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் ஒளித்தேன். அங்கவஸ்திரம் தேடப் போன ஆத்துக்காரர் கையோடு எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

"என்னடி இது, தலைக்குச் சாயமா?"

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"இருக்கற நரையே நன்னாத்தானே இருக்கு."

கல்யாணமானதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதுவும் பொய் சொல்லி வாங்கியது.

8 ஜூலை, சனி

எடுத்துக் கொடுத்தாயிற்று. காது குடைவதைவிடச் சுலபம். இதற்கா இவ்வளவு பயம்?

2 ஆகஸ்ட், புதன்

தேவிப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். "மாமி, குப்பியில ஒண்ணுமே இல்லியாம். நான் சொன்ன மாதிரிதான் பண்ணீங்களா?"

"அப்படியேதான். எடுத்து, நன்னா அலம்பி, தொடச்சு, குப்பியில போட்டேன்."

"அலம்பினீங்களா?"

"அலம்பாம எப்படிம்மா இன்னொருத்தர் கையில கொடுக்கறது?"

நியாயம்தானே? இரவல் கிண்ணியை அலம்பாமல் திருப்பிக் கொடுத்தாலே எங்களுக்குத் தூக்கம் வராது. அவள் சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த அழுக்குதான் மாமி அவங்களுக்கு வேணும். இந்தத் தெருவுல முக்காவாசி பேரு அலம்பித்தான் குடுத்துக்கிறாங்க."

அப்பாடா. அசட்டுத்தனத்துக்குத் துணை கிடைத்தால் அதற்குப் பெயர் ஆசாரம்.

5 ஆகஸ்ட், சனி

அவள் கொடுத்த புது பிரஷ்ஷில் மறுபடி எடுத்தேன். அலம்பவில்லை. கை குழாய் வரைக்கும் போய்த் திரும்பியது.

28 ஆகஸ்ட், திங்கள்

வைரஸ் இருக்கிறதாம்.

"பயந்துக்காதீங்க மாமி. இருந்தா கேன்சருன்னு அர்த்தம் இல்ல. டாக்டரம்மா ஒருவாட்டி பாக்கணும், அவ்ளோதான்."

பாக்கணுமாமே. யாரும் பாக்க மாட்டான்னு சொல்லித்தானேடி என் தலையில கட்டினே — வாய் வரை வந்ததை விழுங்கினேன். அந்தப் பெண் மேல் என்ன தப்பு? பயமா இருக்கு. பேசாம போகாமலே இருந்துட்டா? இருந்துட்டா என்ன ஆகும்னு கண்ணால பார்த்தவ நான்.

சாயங்காலம் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ அது சாயம் இல்லையா?" என்றார். எழுந்து போய் காலண்டரில் தேதி பார்த்தார். பிறகு, "நானும் வரேன்" என்றார்.

8 செப்டம்பர், வெள்ளி

டாக்டர் சின்னப் பெண். கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்தேன். "சின்ன மாற்றம்தாம்மா, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க" என்று சொல்லி, அந்த இடத்தைக் கடுங்குளிரால் உறையவைத்து அங்கேயே வைத்தியமும் செய்துவிட்டாள். வெளியே இவர் வாங்கி வைத்திருந்த காப்பி ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் பத்தாவது படிக்கும் என் பெண் ரக்ஷா, "ரெண்டு பேரும் எங்கம்மா போனேள்?" என்றாள்.

"வயித்து வலி" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த இடம், என்ன வைரஸ், என்ன செய்தார்கள் என்று ஒன்று விடாமல் பெயர் சொல்லியே சொன்னேன். பாட்டி எதனால் போனாள் என்பதையும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது.

முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டாள். "எனக்கு முப்பது வயசாறச்சே ஞாபகப்படுத்தும்மா, நானும் பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு. அம்மா பார்க்காத வயது.