பள்ளிக்குப் போகாத நம் மகள் போன இடம்

என் மீனாவுக்கு,

விடிந்ததும் எதிர்வீட்டுப் பிள்ளைகள் சீருடையில் வேன் ஏறுகிறார்கள். நம் யாழினி அப்போதுதான் எழுந்து தோசை ஊற்றுகிறாள். வேன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு நான் வேலைக்குக் கிளம்புகிறேன்.

பள்ளி வாசலைப் பார்த்தாலே வாந்தி எடுத்த பிள்ளையை நிறுத்தி, பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் கற்றல் மையத்தில் நீதான் சேர்த்தாய். அங்கே மணி இல்லை, வகுப்பு இல்லை; என்ன கற்பது என்று பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள். நீ இருந்தவரை எல்லாம் உன் தைரியத்தில் நடந்தது. இனி யார் தைரியத்தில்?

செராஸில் இருக்கும் என் அக்கா விடவில்லை. "தம்பி, பிள்ள வாழ்க்கையோட விளையாடாத லா. ஸ்கூல் கடைசிப் பரீட்ச, அந்த எஸ்பிஎம் இல்லாம யாரு வேல குடுப்பா?" போன வாரம் லீவு போட்டேன். யாழினியை மையத்திலிருந்து விலக்கிக் கூட்டிவர கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போனேன்.

அவள் மையத்தில் இல்லை. அங்கிருந்த பெண், "உங்ககிட்ட சொல்லலையா அங்கிள்? செவ்வாக்கிழமையானா பின்னாடி ரோட்டு டயாலிசிஸ் சென்டருக்குப் போயிடுவா" என்றாள். பின் ரோட்டுக்கு ஓடினேன். சிறுநீரகம் செயலிழந்த உன்னை எத்தனை முறை அப்படி ஒரு வாசலில் கொண்டுபோய் இறக்கியிருப்பேன்!

கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே ஓர் அம்மாவுக்கு ரத்தம் சுத்திகரித்துக் கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நம் மகள்.

"ஆன்டி, பெலிம்பிங் மட்டும் வேணாம், அந்த நட்சத்திரப் பழம். கிட்னி கெட்டுப்போனவங்களுக்கு அது விஷம் மாதிரி. நர்ஸ் இங்கிலிஷ்ல அதத்தான் சொன்னாங்க."

"இத யாரும் எனக்குத் தமிழ்ல சொல்லலையேம்மா."

உனக்கும் யாரும் சொல்லவில்லையே, மீனா?

வெளியே வந்தவளிடம், "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா அழுவீங்கப்பா."

"ஸ்கூலுக்கே திரும்பிப் போறியா?"

"வேணாம்ப்பா. நர்சிங் படிக்கணும். எஸ்பிஎம் தனியா எழுதறேன். கெமிஸ்ட்ரிதான் பயமா இருக்கு. எங்க மையத்துல சில பேர் சேர்ந்து படிக்கிறோம்."

நான் விலக்கவில்லை. அக்காவிடமும் சொல்லிவிட்டேன், இப்போது என்னோடு பேசுவதில்லை. நிம்மதி வந்ததா என்றால், இல்லை. அவள் தேறாவிட்டால்? கல்லூரி சேர்த்துக்கொள்ளாவிட்டால்? தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் மெஷின் முன்னால் நிற்கும்போதும் மனதில் இதேதான் ஓடுகிறது. நீ எப்படி அவ்வளவு உறுதியாக இருந்தாய்? இல்லை, உனக்கும் பயம் இருந்து என்னிடம் மறைத்தாயா?

வரும் செவ்வாய் அவளோடு நானும் போகிறேன். உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். அழுகை வந்தாலும் எழுந்து வரமாட்டேன்.

உன் பயந்தாங்கொள்ளிப் புருஷன்,
யாழினியின் அப்பா