ஆடி முடிவதற்குள் வாங்க வேண்டிய பெயர்

அன்பு மகள் தீப்திக்கு,

அம்மா எழுதுவது. இங்கே பழங்காநத்தத்து வெயிலும் நானும் சௌக்கியம், அங்கே டப்ளின் மழையில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க மீனாட்சி பார்த்துக்கொள்வாள். போனில் பேசினால் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நேற்று உன் சித்தப்பா அனந்தபத்மநாபன் அழைப்பிதழோடு வந்தான். உன் அப்பா நடத்திய சிம்மக்கல் பாத்திரக் கடைக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் வெப்சைட் திறக்கிறானாம். பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி படித்தேன். மதுரை சீர்வரிசை! சீர்ச் சாமான் விற்க நான் நெட்டில் திறக்கப்போகிற சின்னக் கடைக்கு நீ யோசித்துச் சொன்ன அதே பெயர். கடைப் பெயரை யாரம்மா தேடுவார்கள், பேரையூரில் காதுகுத்து வைத்திருக்கிறவர்கள் தங்களுக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் போனில் அடிப்பார்கள், அதையே பெயராக வைத்தால் சட்டென்று கண்ணில் படும், வாயிலும் நிற்கும் என்று நீ விளக்கினாயே, அதை ஸ்ரீஜா வளைகாப்பில் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். எதிர்ப் பந்தியில் பாயசம் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

நெட்டில் முதலில் காசு கட்டி வாங்குகிறவருக்குத்தான் வெப்சைட் பெயர் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது, பேரை வாங்கியாச்சா என்று சும்மாதான் கேட்டேன். ஆடியில போய்ப் புதுசா வாங்குவாகளா மதினி, முகூர்த்த நேரத்துல எல்லாரு முன்னாடியும் வாங்கிக்கிருவேன், பேரு எங்கிட்டு ஓடிப்போகப்போகுது என்று சிரித்தான். நாமும் ஆவணி பிறக்கட்டும் என்றுதானே இருந்தோம். ஊரெல்லாம் அழைப்பிதழ் கொடுத்துவிட்டான், பெயர் இன்னும் அவனுடையது இல்லை! சந்தோஷத்தில் அவனுக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன். இதைப் படித்த கையோடு அந்தப் பெயரை நம் கடைக்கு வாங்கிவிடு, நாள் பார்க்காதே. உன் அப்பா போனதிலிருந்து என்னை எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நிற்க விடாத கூட்டம் அது. ஆகாத மாதத்தில் ஆகாதவளே வாங்கிவிட்டுப் போகிறேன். அத்தனை பேர் முன்னால் அவன் அடித்துப் பார்க்கட்டும், உன் அப்பா போட்டோவோடு நம் கடை வரட்டும்.

சித்தப்பாவுக்கு இப்படிச் செய்யலாமா என்று உனக்கு உறுத்தும். விட்டுக்கொடுங்க மதினி என்று அவனும் வந்து நிற்பான். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஈரத் தலையோடு நின்றவளிடம், சரக்கைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கடைச் சாவியைக் கேட்டான், கொடுத்தேன். இன்றுவரை அது திரும்பி வரவில்லை. இனி என் கையிலிருந்து அவனுக்கு எதுவும் போகாது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், நீ தீர்க்க சுமங்கலியாக இரு. வாங்கியதும் ஒரு வரி அனுப்பு, அதுவரை உலை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா விஜயம்