ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி

இன்று காலை என் வீட்டு மிக்சி கருகியது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் வெளியே ஓடி வந்து முற்றத்தில் நின்றேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, உங்கள் மனைவி ஆச்சியைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு நடந்தேன். அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன் நம் படகைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

தொண்டிக் கரையில் அந்தப் பழைய பாய்மரப் படகை நீங்கள் வாங்கி நிறுத்தியபோது அதன் வயர்களெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. "ரிட்டயராகி வீட்டுல என்ன செய்யப் போறீக? கடல்ல வந்து பாடம் நடத்துங்க" என்று என்னை இழுத்துப் போனீர்கள். வாரம் இரண்டு நாள், காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போய் பஸ் மாறி, ஏழு மாதம். பேட்டரி, விளக்குகள், படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் மோட்டார், எல்லாம் புதிது. வகுப்பில் சொல்வதை உங்களிடமும் சொன்னேன்: ஃபியூஸ் வாசலில் நிற்கும் காவல்காரன், அவன் விழுந்தால் உள்ளே திருடன் இருக்கிறான், முதலில் திருடனைத் தேடு.

"எங்க வீட்டுக் காவல்காரன் விழுந்தா குடிச்சிருக்கான்னு அர்த்தம்" என்றீர்கள்.

வேலை முடிந்து நாம் இருவரும் கடலுக்குப் போன ஒரு நாள், நடுப்பகல். கரை கண்ணுக்குத் தெரியவில்லை. மோட்டாரின் ஃபியூஸ் போனது. மாற்றினேன், அதுவும் போனது. குனிந்து பார்த்திருந்தால், மோட்டாரில் நைலான் நூல் சுற்றி அது சுழல முடியாமல் நிற்பது தெரிந்திருக்கும். தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியிருந்தது, பயந்துவிட்டேன். நீங்கள் சுக்கானைப் பிடித்திருந்தீர்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு துண்டுச் செம்புக் கம்பியை முறுக்கி வைத்தேன். செய்யாதே என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்ன காரியம் அது.

பலகைக்கு அடியில் வயர் பழுத்துச் சிவந்து பற்றிக்கொண்டது. நீங்கள் பாய்ந்து வந்து என்னைச் சட்டையோடு தூக்கி வீசினீர்கள். மரத்தில் தாடை மோதி என் பல் உடைந்தது. எரியும் வயரை இரண்டு கையாலும் பற்றிப் பிடுங்கினீர்கள். உருகிய உறையோடு உள்ளங்கைத் தோலும் உரிந்து வந்தது. அந்த நேரம் பேட்டரி வெடித்து, அதே கைகளில் அமிலம் தெறித்தது. மனிதர் அப்படி அலறி நான் கேட்டதில்லை.

புகை அடங்கிய பிறகுதான் செம்புக் கம்பியைப் பார்த்தீர்கள். வெந்த கையாலேயே என்னை இரண்டு முறை அறைந்தீர்கள். "படிச்ச மனுசன் செய்யிற வேலையா வாத்தியாரே இது?" முழங்கையால் சுக்கானைத் தள்ளிக் கரை சேர்த்தீர்கள். இறங்கும்போது, "ஆச்சிகிட்ட நான் வச்சதாச் சொல்லிக்கிறேன். நீங்க வாயத் தொறக்காதீக" என்றீர்கள்.

நானும் திறக்கவில்லை.

உங்கள் விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. மாரடைப்பில் நீங்கள் போகும்வரை, ஒன்றரை வருடம் ஆச்சிதான் சோறு ஊட்டினார்கள்.

இன்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சி முடிவுவரை கேட்டார்கள். பிறகு கைக்கு எட்டிய எவர்சில்வர் செம்பை எடுத்து என் முகத்தில் எறிந்தார்கள். புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

"ஒவ்வொரு வாய் ஊட்டும்போதும் வஞ்சேனே வாத்தியாரே. புத்தி கெட்ட மனுசன், கையப் பொசுக்கிக்கிட்டு வந்து என் உசுர வாங்குறீகன்னு வஞ்சேனே. வாயத் தொறந்து சோத்த வாங்கிக்கிட்டாக, ஒரு வார்த்தை சொல்லலையே. போங்க. இனி இந்த வாசல மிதிக்காதீக."

மூன்று தையல் போட்டிருக்கிறார்கள். அது ஆறிவிடும். ஆனால் ஒன்றரை வருடம், வேளைக்கு வேளை, சோற்றோடு நீங்கள் விழுங்கிய வசவு அத்தனையும் எனக்கு உரியவை. இன்றைக்குத்தான் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. இனி அவை என்னோடு இருக்கும்.