மண்ணோடு அனுப்பிய கயிறு

அன்பு மகள் அப்சானாவுக்கு, கோரிப்பாளையத்திலிருந்து அத்தா பாதுஷா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உன் அம்மா சுகம், தம்பி மின்ஹாஜ் சுகம், என் லோடு ஆட்டோவும் சுகம், நானும் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுகம். மண் ஆராய்ச்சிக்குப் போன நீ ஜார்க்கண்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். நாலாம் வகுப்போடு நின்ற ஆளுக்குக் கடுதாசி எதற்கு என்று சிரிக்காதே, போனை எடுத்தால் உன் அம்மா நஜ்முன்னிசா காதைக் கொண்டுவந்து என் தோளில் வைத்துவிடுகிறாள். அவளுக்குத் தெரியக் கூடாத சேதி இது, அதனால்தான் நீ கேட்ட மண் பைக்குள் வைத்து அனுப்புகிறேன். நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்ததிலிருந்தே எனக்கு நெஞ்சு சரியில்லை தாயி. நிலக்கரி தோண்டி மூடிய இடத்தில் புல் வந்துவிட்டது பாருங்கள் அத்தா என்று சிரிக்கிறாய், உனக்குப் பின்னால் நிலம் வெடித்துப் புகை வருகிறது. அடியில் கரி இன்னும் எரியுதாம், அடுத்த மாசம் அந்தப் பக்கம்தான் உனக்கு வேலையாம். இதைக் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சொல்கிறாய்.

முதல் தடவை அனுப்பிய மண்ணின் கதி உனக்குத் தெரியும். அங்கத்து மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க, நம்ம மேலூர்ப் பக்கம் கல்குவாரிப் பள்ளத்தை மூடி மரக்கன்று வைத்த இடத்து மண் ஒரு பை வேண்டும் என்றாய், நானும் அள்ளி வந்தேன். உன் அம்மாவோ, லேபுக்குப் போகிற மண் இப்படிக் குப்பையும் வேருமாகப் போனால் பிள்ளையை வளர்த்த லட்சணத்தைப் பேசுவார்களே என்று மாவுச் சல்லடையில் சலித்து, மாடியில் காயவைத்து, புழுவையெல்லாம் பொறுக்கி எறிந்து முகப்பவுடர் மாதிரி ஆக்கிவிட்டாள். வேரும் புழுவும் இருந்தால்தானே மண்ணுக்கு உயிர் திரும்பிவிட்டது என்று தெரியும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் எதைப் பார்ப்பேன் என்று நீ போனில் அழாத குறை. அவள் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அதே சல்லடையில்தான் இப்போதும் இடியாப்ப மாவு சலிக்கிறாள், பல்லில் கல் கடிபட்டால் மகளுடைய ஆராய்ச்சி என்று விழுங்கிவிடுகிறேன்.

அதற்காகத்தான் போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மறுபடி போனேன். முந்தின ரெண்டு நாளும் நல்ல மழை. வேப்பங்கன்று, புங்கங்கன்று எல்லாம் இடுப்பளவு நிற்கிறது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் கோரைப்புல் பச்சைப் பசேல் என்று விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. பச்சை வந்தால் மண் தேறுகிறது என்று என் மகளே சொல்லியிருக்கிறாளே, பயமில்லை என்று மண்வெட்டியோடு நேரே உள்ளே போனேன். நாலு எட்டுத்தான் வைத்திருப்பேன், இடது கால் போய்க்கொண்டே இருந்தது. முழங்கால் போச்சு, தொடை போச்சு, மண்வெட்டியை ஊன்றினால் அதுவும் போகிறது. ஊரெல்லாம் நக்கல் பேசித் திரிகிற உன் அத்தாவுக்கு அப்போது ஒரு வார்த்தை அகப்படவில்லை தாயி.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒச்சாயி என்கிற அம்மாதான் பார்த்துவிட்டு ஓடி வந்தது. "அசையாதீக அண்ணே, அசைஞ்சா இன்னும் இழுக்கும். அடியில கல்லு அறுத்த மாவுல்ல மழையில ஊறிச் சேறாக் கெடக்கு" என்று சொல்லி, ஆடு கட்டுகிற கயிற்றை வீசியது. மறுமுனையை மரத்தில் கட்டும்மா என்றேன். இந்தக் கன்னு தாங்காது என்று தன் இடுப்பிலேயே சுற்றிக்கொண்டு ஒரு பாறைக்குப் பின்னால் காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துவிட்டது. நான் வழுக்கினால் அதுவும் கூட வரும், அந்தப் பயம் வேறு. எப்படியோ வெளியே வந்து விழுந்தேன். இடது செருப்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, அது முளைத்தால் அதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள். மூச்சு வாங்கி முடித்ததும் அந்த அம்மா, "எங்க ஆடே அங்கிட்டு எட்டிப் பாக்காது, நீங்க எம்புட்டுப் பெரிய ஆளுண்ணே" என்றது. மற்ற நாளாக இருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். அன்றைக்குக் காலில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அடியில் இருந்தது குளிர்ந்த சேறு, என் பிள்ளைக்கு அடியில் நெருப்பு. இதுவேதான் மனசில் ஓடியது, ஆட்டோ ஓட்டும்போதும் ஓடுகிறது, தொழுகையில் நிற்கும்போதும் ஓடுகிறது.

வீட்டுக்கு வந்து, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நாய் செருப்பைக் கவ்விக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். உன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள், அப்புறம் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். வேலையை விட்டுவிட்டு வா என்று எழுதத்தான் அன்று ராத்திரியே உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. வீடியோவில் நீ அந்தப் புல்லைத் தடவுகிற விதத்தைப் பார்த்தேன், சொன்னாலும் வர மாட்டாய். அதனால் மறுநாள் போய் ஒச்சாயிக்குப் புதுக் கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டு, என்னை இழுத்த அதே கயிற்றைக் கேட்டு வாங்கி ஆட்டோ சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இந்தத் தடவை ஓரத்தில் நின்று வேரோடு புழுவோடு அள்ளிய மண்ணுக்கு மேலே அதைத்தான் வைத்து அனுப்புகிறேன். ஆட்டு வாடை அடிக்கும், மூக்கைப் பொத்திக்கொள். புகை வருகிற பக்கம் போகும்போது இதை இடுப்பில் கட்டாமல் போகாதே. பச்சையைப் பார்த்து மயங்காதே, தடியால் தட்டிப் பார்த்துக் கால் வை.

இம்புட்டும் எழுதிவிட்டுப் பையைக் கட்டலாம் என்று இப்போதுதான் கயிற்றை எடுத்தேன். இடுப்பில் சுற்றுகிற இடத்தில், உரசினால் வலிக்காமல் இருக்க, உன்னுடைய பழைய பச்சைத் துப்பட்டாவை மடித்துச் சுற்றிச் சின்னச் சின்னத் தையலாகத் தைத்திருக்கிறது. நான் தைக்கவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்ததை உன் அம்மா எப்போது எடுத்தாள், எப்போது திரும்ப வைத்தாள் என்று தெரியவில்லை. அடுப்படியில் இருக்கிறாள், நானும் தெரியாத மாதிரியே பையைக் கட்டுகிறேன். அல்லாஹ் உன்னை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பாற்றுவானாக. சாயங்காலம் மஃரிபுக்குப் பிறகு தினமும் ஒரு போன் போடு, அவளிடம் பேசு. மறுமுனையைப் பிடிக்க நாங்கள் ரெண்டு பேரும் அங்கே இல்லை தாயி, யார் கையிலாவது அது இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த எட்டு வை.

இப்படிக்கு,
உன் அத்தா
கா. பாதுஷா